ஊசி விபத்தில்லாத நாட்கள்

டோங்கா நாட்டின் ஃபலேமோத்துத் தீவில் பத்தொன்பது வருஷமாக ஊசி போட்டு வந்தவள் நர்ஸ் லோசலைன். இந்தப் பத்தொன்பது வருஷத்தில் அவள் ஊசியால் ஒருத்தர் கால்கூட மரத்துப்போனதில்லை, ஒரு கட்டிகூடப் புறப்பட்டதில்லை. அதனாலேயே தலைநகரில் அவளைப் பற்றி ஒரு கோப்பும் கிடையாது. கோப்பே இல்லாத மனுஷியை எப்படி நம்புவது என்று பிற்பாடு ஆணையத்தில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

ஆணையம் எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். தலைநகரில் ஒரு துணைச் செயலாளர், முதுகுவலிக்கு ஊசி போட்டுக்கொள்ள அலுவலக நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போனார். இடுப்பில் பாய் கட்டியிருந்தார். டோங்காவில் மரியாதைப்பட்ட மனிதன் இடுப்புப் பாய் இல்லாமல் வெளியே போனால் அம்மணமாகப் போன மாதிரி. "கொஞ்சம் அவுத்துக்குங்க ஐயா" என்றாள் அங்கிருந்த நர்ஸ். "அரசாங்க வேலை நேரத்துல பாயை அவுக்கறதா? எங்க அப்பாவோட அப்பா கட்டின பாய் இது. மேலயே குத்து!" என்றார் அவர். அவள் சின்னப் பெண், பயந்த சுபாவம். பாயின்மேல் குத்துமதிப்பாகக் குத்தினாள். ஊசி நரம்பில் இறங்கியது. அவர் மூன்று வாரம் காலை இழுத்து இழுத்து நடந்தார். வேறு யாராவது இழுத்து நடந்திருந்தால் ஊர் சிரித்துவிட்டுப் போயிருக்கும். இழுத்தது துணைச் செயலாளர் என்பதால் 'பின்புறத் தசை ஊசிப் பாதுகாப்பு ஆணையம்' பிறந்தது. அதன் நூற்றிப் பன்னிரண்டு விதிகளில் பாயை அவிழ்க்க வேண்டும் என்ற விதி மட்டும் இல்லை.

இதெல்லாம் ஃபலேமோத்துவில் இருந்த வாசித்திக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் இருபத்தெட்டு என்ற எண். அவள் மகள் லுபேக்குப் பதினொரு வயது. மூன்று வருஷத்துக்கு முன் தொண்டைவலி என்று படுத்தவளுக்கு வாதக் காய்ச்சல் கண்டு, முழங்கால் இரண்டும் பப்பாளிப் பழமாக வீங்கி, கடைசியில் அது போய் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடுவதில்லை. இருபத்தெட்டு நாளைக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி, இடுப்புக்குக் கீழே, ஒருமாதம் இடது பக்கம், மறுமாதம் வலது பக்கம். இருபத்தொரு வயது வரைக்கும். விட்டுப்போனால், அடுத்த தொண்டைவலியோடு காய்ச்சல் திரும்பி வரும். வந்தால் மிச்சமிருக்கும் வால்வையும் தின்றுவிட்டுப் போகும். பெரிய டாக்டர் இதைச் சொன்னபோது வாசித்தி அழவில்லை. மாதா கோவில் கொடுத்த காலண்டரை வாங்கி வந்து வட்டம் போட ஆரம்பித்தாள். புருஷன் ஆஸ்திரேலியாவில் பழம் பறிக்கப் போயிருந்தான். ஞாயிற்றுக்கிழமை ஃபோன் பண்ணினால் அவனும் முதலில் கேட்பது, "வட்டம் எத்தனையில இருக்கு?"

லோசலைன் ஊசி போடும் விதம் தீவுக்கே தெரியும். அந்த மருந்து தேங்காய்ப்பால் மாதிரிக் கெட்டி. குளிர்ச்சியாக, வேகமாக ஏற்றினால் பெரிய ஆண்பிள்ளையே கத்துவான். ஆகவே குளிர்பெட்டியிலிருந்து எடுத்து உள்ளங்கையில் பொத்தி வைத்துக்கொள்வாள். பிள்ளையைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, மேல்காலை மடிக்கச் சொல்லி, தொடை எலும்பின் தலையில் உள்ளங்கையை வைப்பாள். ஆள்காட்டி விரல் இடுப்பு எலும்பின் முன்முனைக்குப் போகும், நடுவிரல் பின்னால் விரியும். இரண்டு விரலுக்கும் நடுவில்தான் இடம். அங்கே பெரிய நரம்பும் இல்லை, பெரிய ரத்தக்குழாயும் இல்லை. கட்டைவிரலால் அழுத்திப் பத்து எண்ணிவிட்டு, "பாடு கண்ணு" என்பாள். லுபே கோவில் பாட்டு ஒன்றைப் பாடுவாள். முதல் சரணத்தில் ஊசி இறங்கும், இரண்டாம் சரணம் முடியும்போது வெளியே வரும். அவசரமென்பதே கிடையாது.

லுபேக்கு ஊசி போட்ட பன்னிரண்டாம் நாளன்று ஆணையத்தின் கடிதமும் ஒரு பலகையும் வந்தன. ஆணையத்தின் சான்றிதழ் இல்லாதவர் இனி யாருக்கும் பின்புறத் தசையில் ஊசி போடக்கூடாது என்றது கடிதம். மருந்தையும் ஊசிகளையும் கூடவே வந்த அதிகாரி ஒரு வெள்ளைக் குளிர்பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, சாவியைத் தலைநகருக்குக் கொண்டுபோனார். பலகையைச் சுகாதார நிலைய வாசலில் அறைந்தார்கள். 'இத்தீவில் ஊசி விபத்தில்லாத நாட்கள்' என்று எழுதி, கீழே எண் அட்டைகளைத் தொங்கவிடக் கொக்கி. தினமும் காலையில் அட்டையை மாற்றி, எண்ணைத் தலைநகருக்கு ஃபோனில் சொல்வது லோசலைனின் புது வேலை.

"எனக்கு ஒண்ணும் புரியலையே லோசாக்கா," என்றாள் வாசித்தி. "ஊசியே போடலைன்னா விபத்து எப்படி வரும்?"

"அதான் வாசித்தி பாதுகாப்பு. கடல்ல இறங்காதவன் முழுகமாட்டான்ல?"

"மீனும் திங்கமாட்டான்."

அவசர நோயாளிகளுக்கென்று ஒரு படிவம் இருந்தது. ஒன்பது பக்கம். முதல் பக்கத்தில் 'பின்புறத்தின் உரிமையாளர் பெயர்' கேட்டிருந்தார்கள். நாலாம் பக்கத்தில் பின்புறத்தை நான்காகப் பிரித்துப் படம் போட்டு, ஒவ்வொரு கால்வாசிக்கும் தனித்தனியாகப் பெற்றோர் சம்மதம். ஊசி போவது மேல் வெளிக் கால்வாசியில் மட்டும். மற்ற மூன்றிலும், 'இங்கே ஊசி போடப்படாமல் இருக்க எனக்கு முழுச் சம்மதம்' என்று கையெழுத்திட வேண்டும். வாசித்தி எட்டுக் கையெழுத்துப் போட்டாள், இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து. ஊர் அதிகாரியும் சாட்சி போட வேண்டும். அவர் நாலாம் பக்கத்தைப் பார்த்ததும் படிவத்தை நெருப்பைத் தொட்டமாதிரி உதறினார்.

"என்னம்மா இது, பொம்பளப் புள்ளையோட படம் போட்டுக் கொண்டாந்து என் கையெழுத்துக் கேக்கற! இதுல நான் சாட்சின்னு தெரிஞ்சா நாளைக்கு எவன் என்கூட உக்காந்து காவா குடிப்பான்?"

"ஐயா, அது வெறும் படம். யாரோட படமும் இல்ல."

"அதுதான் இன்னும் மோசம்," என்றார் அவர். பாதிரியார்தான் கடைசியில் கண்ணை மூடி ஜெபம் பண்ணிவிட்டு, கண்ணைத் திறக்காமலே கையெழுத்துப் போட்டார். படிவம் போய்ப் பத்தாம் நாள் திரும்பி வந்தது. கையெழுத்து கோட்டைத் தாண்டி அடுத்த கால்வாசிக்குள் போயிருக்கிறது என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது.

இருபத்தாறாம் நாள் படகு வந்தது. ஆணையத்தின் இயக்குநர் கெலேபியும் பதின்மூன்று பேரும் வந்து இறங்கினார்கள். லோசலைனுக்குத் தேர்வு வைக்கப்போகிறார்கள் என்று கேட்டு வாசித்திக்கு உயிர் வந்தது. தேர்வு எழுதினால் சான்றிதழ், சான்றிதழ் வந்தால் சாவி, சாவி வந்தால் ஊசி, எல்லாம் இரண்டு நாளைக்குள். தேர்வில் குத்திக் காட்ட வெளிநாட்டு உதவியாக ரப்பரில் செய்த பின்புற மாதிரி ஒன்றும் அனுப்பியிருந்தார்கள். இடது பக்கம் மட்டும்தான் வந்திருந்தது. வலது பக்கம் அடுத்த வருஷத்துத் திட்டத்தில்.

வெளிநாடு கொடுத்தது எதுவானாலும், அது கழிவறைத் தொட்டியாகவே இருந்தாலும், பாய் விரித்து, பன்றி சுட்டு, காவா வேரை இடித்துக் கரைத்து வரவேற்காமல் விடுவது எங்கள் ஜனங்களால் ஆகாது. பந்தலின் நடுவே தீவிலேயே மெல்லிய பாயை விரித்து, அதன்மேல் ரப்பர் மாதிரியை வைத்து, மாலை போட்டார்கள். தலைவர் சார்பில் சபையில் பேசுகிறவர் எழுந்து, "கடல் கடந்து வந்த மேன்மை தங்கிய விருந்தினரே" என்று தொடங்கி, அதன் பயணத்தின் களைப்பைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். முதல் கோப்பைக் காவாவை அதன் முன்னால் வைத்தார்கள். அது குடிக்காததால் அதன் சார்பில் இயக்குநர் குடித்தார். பந்தல் ஓரத்தில் வாசித்தி, சேம்பிலையில் சுற்றி வேகவைத்த இறைச்சிப் பொதிகளைப் பரிமாறிக்கொண்டே மகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். லுபே சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கினாள். சிரிப்பால் வாங்கும் மூச்சா, வால்வால் வாங்கும் மூச்சா என்று பெற்றவளுக்கே தெரியவில்லை.

இயக்குநர் கெலேபி பேசினார்.

"அன்பான ஜனங்களே! ஆணையம் வந்த ஏழு மாசத்துல நம்ம நாட்டுல ஊசியால வர்ற காயம் நூத்துக்கு எழுபது குறைஞ்சிருக்கு. ஊசி நூத்துக்கு எண்பது குறைஞ்சிருக்கு. சில பேர் கேக்கறாங்க, அப்ப மிச்சமிருக்கற ஊசியில காயம் கூடித்தானே இருக்குன்னு. கணக்குத் தெரிஞ்சவங்க எந்த நாட்டுலயும் முன்னேற்றத்துக்கு இடைஞ்சல்தான். என் கனவு என்ன தெரியுமா? ஒருத்தருக்கும் ஊசியே போடாத தேசம். அப்படி ஒரு தேசத்தில எவன் பின்புறத்தையும் எவனும் குறை சொல்ல முடியாது!"

கை தட்டினார்கள். வாசித்தியும் தட்டினாள், சாவி அவர் சட்டைப் பையில்தானே இருந்தது.

பிறகு தேர்வு. லோசலைன் மருந்துக்குப் பதிலாக வைத்திருந்த தண்ணீர் ஊசியை எடுத்து உள்ளங்கையில் பொத்திக்கொண்டாள். அனுமதியின்றிச் சூடாக்கியதற்குப் பத்து மதிப்பெண் போயிற்று. ரப்பர் மாதிரியைத் தட்டி, "பயப்படாத கண்ணு" என்றாள், பழக்க தோஷம். நோயாளியிடம் விதிக்குப் புறம்பான உரையாடல், பதினைந்து. பேனாவால் சிலுவைக்கோடு போடாமல் விரலால் இடம் பார்த்தது, இருபது. முப்பது வினாடிக்குள் முடிக்க வேண்டியதை அவள் வாய்க்குள் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு இரண்டு சரணம் வரைக்கும் இழுத்தாள். ஊசி மட்டும் மயிரிழை பிசகாமல் சரியான இடத்தில் நின்றது. அதற்கு மதிப்பெண் ஒதுக்கவில்லை.

"நாப்பத்தொண்ணு," என்றார் இயக்குநர். "வருத்தமாத்தான் இருக்கு லோசலைன். ஆறு மாசம் கழிச்சு மறுபடி எழுதலாம். அதுவும் இடது பக்கத்துக்கு மட்டும்."

"ஐயா, இந்தப் புள்ளைக்கு இந்த மாசம் வலது பக்கம்," என்றாள் லோசலைன், லுபேயைக் காட்டி.

"பாத்தியா? சான்றிதழ் கிடைச்சிருந்தாலும் பிரயோஜனமில்ல. நல்லதுக்குத்தான் நடந்திருக்கு."

வாசித்தி ஓடிப்போய்த் துணிமணியை மூட்டை கட்டி, மகளை இழுத்துக்கொண்டு துறைக்கு வந்தாள். தலைநகருக்கே கொண்டுபோய் ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்துவிடலாமே. படகில் பதினாலு பேர், அவர்களுக்கு ஊர் கொடுத்த பாய்கள், மரப்பட்டைத் துணிச் சுருள்கள், கட்டிப்போட்ட ஆறு பன்றிகள். நீளமான பெஞ்சு ஒன்று காலியாகத் தெரிந்தது.

"அங்க இடமிருக்கே," என்றாள்.

"அது ரப்பர் மாதிரிக்கு," என்றான் படகுக்காரன், அவள் முகத்தைப் பார்க்காமல். "படுத்த நிலையிலதான் பயணம் பண்ணணுமாம். விதி."

"என் புள்ளைய மடியில வெச்சுக்கறேன்யா. பன்னி பக்கத்துல உக்காந்துக்கறேன்."

"பன்னியிலயே ஒண்ணை இடமில்லாம இறக்கிவிட்டுட்டேன் வாசித்தி. அடுத்த நடை பன்னெண்டு நாள்ல. அப்ப ஏத்திக்கறேன், சத்தியமா."

படகு போயிற்று. வாசித்தி மூட்டையோடு துறையிலேயே நின்றாள். "வா அம்மா, வீட்டுக்குப் போலாம், பசிக்குது" என்று லுபேதான் அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

இருபத்தெட்டாம் நாள் சுகாதார நிலையத்திலிருந்து இயக்குநருக்கு ஃபோன் பண்ணினாள்.

"ஐயா, இன்னைக்கு இருபத்தெட்டு!"

"உங்க தீவு பதினாறும்மா. பலகை அப்படித்தான் சொல்லுது. ஆனா நல்லா வருவீங்க."

"பலகை இல்லைங்கய்யா. என் பொண்ணு. ஊசி நாள் இன்னைக்கு. வலிக்காம போடுறவ இங்க இருக்கா, மருந்து இங்க இருக்கு, புள்ள இங்க இருக்கு. சாவி மட்டும் உங்ககிட்ட இருக்கு."

"இங்கதான் நீங்க தப்பாப் புரிஞ்சுக்கறீங்க. வலிக்குதா, வலிக்கலையாங்கறது ஆணையத்தோட வேலை இல்ல. யாரு பொறுப்புங்கறதுதான் வேலை. ஊசி போட்டு ஏதாவது ஆச்சுன்னா நான் பதில் சொல்லணும். போடாம ஏதாவது ஆச்சுன்னா, அது கடவுள் சித்தம்." இரக்கப்பட்டு, "சான்றிதழ் வாங்கின ஆளு ஒருத்தன் இருக்கான். அனுப்பப் பாக்கறேன்" என்றார்.

முப்பத்திரண்டாம் நாள் காலை லுபே கஞ்சியை ஒதுக்கிவைத்தாள். "தொண்டை குத்துதும்மா." வாசித்தி அவள் வாயைத் திறக்கச் சொல்லி வெளிச்சத்தில் பார்த்தாள். செக்கச் சிவந்திருந்தது. அன்றிலிருந்து விடிந்ததும் மகள் நெஞ்சில் காதை வைத்துக் கேட்பதும், முழங்காலைத் தடவிப் பார்ப்பதுமாக இருந்தாள். காதில் கேட்டதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியாது. அலை பாறைக்குள் போய்த் திரும்புகிற மாதிரி ஒரு சத்தம். நேற்றைவிட அதிகமா, குறைவா? ஆண்டவரே, எடுத்துக்கொள்வதென்றால் என்னை எடுத்துக்கொள், அதுவும் முடியாதென்றால் அந்தச் சாவிக்காரன் படகையாவது இந்தப் பக்கம் தள்ளிவிடு என்று சத்தம் போட்டே வேண்டினாள். பக்கத்து வீட்டார் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

முப்பத்துநாலாம் நாள் ஆணையத்தின் சின்ன விசைப்படகில் அந்த ஆள் வந்தான். பெனிசிமானி. இருபத்துமூன்று வயது, கண்ணாடி, கழுத்தில் சான்றிதழ், இடுப்பில் சாவி. தேர்வில் தொண்ணூற்றெட்டு. ஆணைய அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பார்க்கிறவன். ரப்பரைத் தவிர எதையும் குத்தியதில்லை என்பதை அவனே ஒப்புக்கொண்டான். வெள்ளைப் பெட்டியைச் சுகாதார நிலையத்திலிருந்து வாசித்தி வீட்டுக்கே தூக்கி வந்தார்கள். லோசலைன் மூலையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். உள்ளே திரைக்குப் பின்னால் லுபே படுத்திருந்தாள்.

"ஒரே ஒரு கேள்வி பாக்கி," என்று படிவத்தைப் பிரித்தான். "நோயாளிக்கும் ஊசி போடுறவருக்கும் உறவு. கணவன், மனைவி, முதலாளி, ஒண்ணுமில்ல. ஒண்ணுமில்லன்னு போடறேன்."

"போடு, போடு. சீக்கிரம் போடு," என்றாள் வாசித்தி. கை காரியத்தில் இருந்தாலும் எங்கள் ஊர் வாய் சும்மா இராது. "ஆமா, நீ யாரு புள்ள?"

"எங்கப்பா பேரு ஃபெயாவோ. இந்தத் தீவுப் பக்கந்தான். சின்ன வயசுலயே தலைநகர் வந்துட்டாரு."

வாசித்தி கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். "எந்த ஃபெயாவோ? இடது காது பாதி இல்லாத ஃபெயாவோவா?"

"ஆமா! சுறா கடிச்சதுன்னு சொல்வாரு."

"சுறா இல்ல. நான்தான் கடிச்சேன். எங்க மாமா மகன்டா அவன், ஒரே வீட்டுல ஒண்ணா வளந்தோம், எனக்கு அண்ணன் முறை. அடப் பாவி, நான் உனக்கு அத்தைடா!"

பெனிசிமானி பொத்தென்று தரையில் உட்கார்ந்தான். அத்தை எதிரே நின்றுகொண்டிருக்க எங்கள் ஆண்பிள்ளைகளுக்குக் கால் வராது. பிறகு திரைப்பக்கம் பார்த்தவன், தேள் கொட்டினமாதிரி எழுந்து, வாசலுக்கு வெளியே ஓடி, கடலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான். அத்தை மகளை முறைப்பெண் என்று கேலி பேசும் ஊர்கள் உலகத்தில் இருக்கலாம். எங்களுக்கு அவள் தங்கை. தங்கை படுத்திருக்கும் அறையில் அண்ணன் கால் வைப்பதில்லை. தங்கையின் எதிரில் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. இவன் கையில் ஊசியோடு வந்திருக்கிறான்.

"என்னால முடியாது அத்தை," என்று கடலிடம் அழுதான். "செத்தாலும் முடியாது."

"நீ சாகமாட்ட. உள்ள இருக்கறவ செத்துருவா."

இயக்குநருக்கு ஃபோன் போட்டார்கள். வாசித்தி விஷயத்தைச் சொன்னாள்.

"நானும் டோங்காக்காரன்தாம்மா. என் தங்கச்சி ரூமுக்குள்ள நான் நாப்பது வருஷமா போனதில்ல. ஆனா ஆணையத்துக்குத் தங்கச்சி கிடையாது. படிவத்துல அண்ணன்னு ஒரு கட்டமே இல்ல, அதனால அவன் அண்ணன் இல்ல. போடச் சொல்லுங்க."

"நீங்க போடுவீங்களா ஐயா, உங்க தங்கச்சிக்கு?"

"கேள்வி கேக்கறதுக்குத் தனிப் படிவம் இருக்கு," என்று ஃபோனை வைத்துவிட்டார்.

வாசித்தி வாசலுக்கு வந்தாள். இருபத்திரண்டு நாளாக யார் யாரிடமோ கெஞ்சியவள். அதிகாரி, இயக்குநர், படகுக்காரன், கடவுள் என்று ஒருத்தர் பாக்கியில்லை. இந்த ஆணையம் தன்னிடம் அனுப்பியிருப்பது யாரை என்பது அப்போதுதான் அவள் புத்தியில் உறைத்தது. டோங்காவில் ஒருவனுக்கு அத்தைக்கு மேலே ராஜா கிடையாது. அவள் சொன்னதைத் தட்டியவன் வீடு விளங்காது.

"பெனி," என்றாள். "சாவியக் குடு."

"அத்தை, என் வேலை போயிடும்."

"நான் கேக்கல. சொல்றேன்."

அவன் திரும்பிப் பார்க்காமலே சாவியை அவிழ்த்துப் பின்பக்கமாக நீட்டினான்.

லோசலைன் பெட்டியைத் திறந்தாள். மருந்தைத் தேதி பார்த்து, ஊசியை உள்ளங்கையில் பொத்திக்கொண்டாள். அவளுக்கு ஓய்வு பெற இரண்டு வருஷம்தான் பாக்கி. "அம்மா பக்கம் திரும்பிப் படு கண்ணு. மேல்காலை மடி. காலைத் தளர விடு, கல்லு மாதிரி வெச்சுக்காத." உள்ளங்கை எலும்பின்மேல் பதிந்தது, விரல்கள் விரிந்தன. வெளியே பெனிசிமானி, தன் கடமையில் ஏதாவதொன்றையாவது செய்வோமென்று, கடலைப் பார்த்தபடியே விதிகளை உரக்கப் படிக்க ஆரம்பித்தான். "விதி முப்பத்தொண்ணு! ஊசி செங்குத்தா இறங்கணும்!"

"அது இறங்கி அரைச் சரணம் ஆச்சுடா," என்றாள் லோசலைன். "நீ பாடு கண்ணு."

தொண்டை கட்டிய குரலில் லுபே பாடினாள். அடுத்த வீட்டுப் பெண்கள் வேலியோரத்திலிருந்து இரண்டாம் குரல் கொடுத்தார்கள். சரணம் மாறுகிற இடத்தில் வெளியே நின்றவனும் விதியை விட்டுவிட்டு அடிக்குரலில் சேர்ந்துகொண்டான். எங்களுக்குப் பாட்டு என்றால் சும்மா இருக்க வராது. வாசித்தி மட்டும் பாடவில்லை. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.

பெனிசிமானிக்குப் பொய் எழுதத் தெரியாது. 'ஊசி போட்டவர்: லோசலைன். அனுமதித்தவர்: அத்தை' என்று எழுதி அனுப்பினான். ஆணையம் கூடியது. சான்றிதழ் இல்லாத ஊசி என்பதே விபத்துதான் என்று முடிவு செய்தது. ஊசி போட்ட நாளிலிருந்து பலகையைப் பூஜ்யமாக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. லோசலைனை ஊசிப் பணியிலிருந்து விலக்கினார்கள். அட்டை மாற்றி எண்ணைச் சொல்வது மட்டும் அவள் வேலை. பெனிசிமானியின் சான்றிதழைப் பறித்து, தீவுகளிலிருந்து வரும் விபத்து எண்களை ஃபோனில் எழுதிக்கொள்ளும் மேஜையில் உட்காரவைத்தார்கள். பூட்டிய வெள்ளைப் பெட்டி சுகாதார நிலையத்துக்குத் திரும்பியது, சாவி திரும்பவில்லை; அதைப் பற்றி நாலு கடிதம் போட்டார்கள். அத்தை எடுத்துக்கொண்டதை மருமகன் திருப்பிக் கேட்கும் வழக்கம் இல்லை என்று அவன் நாலுக்கும் ஒரே பதில் எழுதினான்.

லுபேயின் தொண்டை ஆறியது. முழங்கால் வீங்கவில்லை. வால்வு எப்படி இருக்கிறதென்று டாக்டர் படகு வந்தால்தான் தெரியும், அது எப்போது வருமோ. வாசித்தி காலண்டரில் வட்டம் போடுவதை நிறுத்திவிட்டாள். தேவைப்படவில்லை. காலையில் தண்ணீர் பிடிக்கப் போகும்போது பலகையை அண்ணாந்து பார்த்தால் போதும். ஏழு, பதினாலு, இருபத்தொன்று. அவள் மகளின் நாளை அரசாங்கமே எண்ணி வாசலில் தொங்கவிட்டது.

பலகையில் இருபத்தெட்டு தொங்கிய அன்று அவள் மகளையும் சாவியையும் கூட்டிக்கொண்டு சுகாதார நிலையத்துக்குப் போனாள். சாவியைப் பாயின்மேல் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். லோசலைன் அதைத் தொடவில்லை.

"கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன் வாசித்தி. ஊசியத் தொடமாட்டேன்னு."

"தெரியும் அக்கா."

"பென்ஷனுக்கு ரெண்டு வருஷம்கூட இல்ல."

"தெரியும்."

"உனக்குத்தான் நான் போடுறதப் பாத்துப் பாத்துப் பழக்கமாச்சே. நீயே..."

"என் கையப் பாரு அக்கா," என்று நீட்டினாள். முறத்தில் போட்ட தானியமாக ஆடிக்கொண்டிருந்தது கை.

லோசலைன் எழுந்து வாசலுக்குப் போய்ப் பலகையைப் பார்த்தாள். பக்கத்து அலமாரியில் மறுநாளுக்கான அட்டை தயாராக இருந்தது. அதைக் கையில் எடுத்தாள், திருப்பிப் பார்த்தாள்.

"நாளைக்குக் காலையில நான்தானே ஃபோன் பண்ணி எண் சொல்லணும்?" என்றாள். "இருபத்தொம்போதுன்னு என் வாயால சொல்லமாட்டேன்டி. நான் சொல்லமாட்டேன்." அட்டையை இரண்டாக மடித்து அடுப்பில் போட்டுவிட்டு வந்து சாவியை எடுத்தாள்.

இந்த மாதம் இடது பக்கம். இரண்டு சரணம். பாட்டு முடிந்ததும் வாசித்தியே வாசலுக்குப் போய், இருபத்தெட்டைக் கழற்றி, பூஜ்யத்தை மாட்டினாள். லோசலைன் தலைநகருக்கு ஃபோன் பண்ணினாள். எடுத்தது பெனிசிமானி.

"ஃபலேமோத்து. பூஜ்யம்."

"மறுபடியும் விபத்தா?" என்றான் சத்தமாக. பக்கத்தில் யாரோ இருக்க வேண்டும். "யாருக்குக் காயம்?"

"யாருக்கும் இல்ல."

"பின்ன விபத்துன்னு என்னத்த எழுதறது?"

லோசலைன் கட்டிலைப் பார்த்தாள். லுபே ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து, வலித்த இடத்தைத் தேய்த்துக்கொண்டே தாயிடம் வறுத்த கிழங்கு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஒரு பொண்ணு உயிரோட இருக்கான்னு எழுது."

"அதுக்குக் கட்டம் இல்ல அக்கா," என்றான் தாழ்ந்த குரலில். பிறகு, "அத்தை நல்லா இருக்காங்களா?" என்று கேட்டான். தங்கையைப் பற்றி அவன் கேட்கக்கூடாது, கேட்கவில்லை.

அதற்கப்புறம் அந்தப் பலகை ஒருமுறைகூட இருபத்தெட்டைத் தாண்டவில்லை. லோசலைனைப் பணியிலிருந்து மறுபடி விலக்கலாமென்று பார்த்தார்கள். ஏற்கெனவே விலக்கப்பட்டவரை விலக்க விதியில் இடமில்லை. சரியாக இருபத்தெட்டு நாளைக்கொரு முறை இந்த ஒரு தீவில் மட்டும் விபத்து நடப்பது ஏன் என்று ஆராய ஒரு குழு போட்டிருக்கிறார்கள். நிலவின் இழுப்பு பின்புறத் தசையைப் பாதிக்கிறதோ என்று இயக்குநருக்குச் சந்தேகம். குழுவின் எழுத்தர் பெனிசிமானி. ஒவ்வொரு மாதமும் அந்தத் தேதி நெருங்கும்போது அவன் சாப்பிடுவதில்லை, மேஜையை விட்டு எழுந்திருப்பதில்லை. ஃபோன் அடித்து, பூஜ்யம் என்று கேட்டால்தான் அவனுக்கு மூச்சு வருகிறது.